ஃபோமற் பண்ணுவதற்கு முன்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கலியாண அல்பம் செய்யும் ஸ்ரூடியோவிலும், வினாத்தாள் தயாரிக்கும் தனியார் கல்வி நிலையத்திலும், போட்டோக் கொப்பி எடுக்கும் கொமினிகேஷன் கடையிலும், பிள்ளைகள் படிக்கிற வீட்டு மேசையிலும் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினிகளைக் காணலாம். அவை ஒருநாள் "சும்மா இருந்தாப்போல நிண்டிட்டுது" என்ற முறைப்பாட்டோடு திருத்துமிடத்துக்கு வந்துசேரும். சிலவற்றில் திரை அப்படியே இறுகிவிடும். மவுஸ் அசையாது, ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரே ஒலியில் சிக்கி இரையும். சிலவற்றில் நீலத் திரை வரும். இன்னும் சில, எந்த அறிவிப்பும் இல்லாமல் அணைந்து தாமாகவே மறுபடி தொடங்கும். இவை எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் கிடைக்கிற முதல் வைத்தியம் ஒன்றுதான்: "ஃபோமற் பண்ணிப் பார்ப்பம்." அது சரிவராவிட்டால் றாமை மாற்றிப் பார்ப்பது, அதுவும் சரிவராவிட்டால் பவர் சப்ளையை மாற்றிப் பார்ப்பது. மூன்றாம் முறை கடைக்குப் போகும்போது உரிமையாளர் தேவையில்லாத பாகங்களுக்குக் காசு கொடுத்திருப்பார், கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த ஒழுங்கு தலைகீழானது. எப்போது நின்றது, எப்படி நின்றது, அந்த நேரத்தில் கணினியில் என்ன வேலை நடந்தது, வீட்டில் வேறு என்ன ஓடியது என்று எழுதிவைப்பதுதான் முதல் வேலை. ஃபோமற் பண்ணுவது அந்தத் தடயங்களை அழிக்கிற வேலை. அது கடைசியில்தான் வரவேண்டும்.

காரணமில்லாமல் நிற்பதாக நமக்குத் தோன்றுவது, நின்ற தடவைகளை நாம் ஒன்றுசேர்த்துப் பார்க்காததால்தான். ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சாதாரண மக்கள் பாவிக்கும் ஏறத்தாழ 10 இலட்சம் கணினிகள் அனுப்பிய கோளாறு அறிக்கைகளை மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அலசி, 2011இல் வெளியிட்டார்கள். 8 மாத காலத்தில் மொத்தமாக 30 நாளுக்குக் குறையாமல் இயங்கிய கணினிகளில் 190க்கு ஒன்று, சிபியுவையும் அதையொட்டிய வன்பொருளையும் சார்ந்த கோளாறால் நின்றிருந்தது. அப்படி ஒருமுறை நின்றவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று திரும்பவும் அதே வகையில் நின்றது. தற்செயல் என்றால் இரண்டாவது தடவையும் 190க்கு ஒன்றை ஒட்டித்தான் இருந்திருக்க வேண்டும். 2009இல் கூகுள் நிறுவனத்தின் சேவையகங்களை வைத்து ரொறன்ரோ பல்கலைக்கழகத்தவரும் கூகுள் பொறியியலாளர்களும் செய்த ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டியது. ஒரு வருடத்தில் 100க்கு 8க்கு மேற்பட்ட நினைவகத் (றாம்) தட்டுகளில் பிழை பதிவானது. அந்தப் பிழைகளில் பெரும்பங்கு, விண்ணிலிருந்து வரும் கதிர் எப்போதோ ஒருமுறை தட்டிவிட்டுப் போவது போன்றவை அல்ல. பழுதான தட்டே திரும்பத் திரும்பப் பிழை விட்டது. ஆகவே ஒருமுறை நின்ற கணினியை "இனி நிற்காது" என்று நம்புவதற்கு ஆதாரம் குறைவு. மறுபடியும் நிற்கும் என்று எதிர்பார்த்து, அதற்குள் பதிவைத் தொடங்குவதே புத்தி.

நின்ற விதத்தை எழுதிவைத்தாலே பாதி வழி தெரிந்துவிடும். நீலத் திரை வருகிறதென்றால், விழுவதற்கு முன் தன் நிலைமையைச் சொல்லிவிட்டுப் போக விண்டோஸுக்கு அவகாசம் இருந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே பிழைச்சொல்லும் ஒரே கோப்பின் பெயரும் வந்தால் அந்தப் பெயருக்குரிய டிரைவரைச் சந்தேகிக்கலாம். முறைக்கு ஒரு பிழைச்சொல், இன்றைக்கு ஒரு கோப்பு, நாளைக்கு வேறொன்று என்று வந்தால் மென்பொருளை விட்டுவிட்டு நினைவகத்தின் பக்கம் திரும்ப வேண்டும். பழுதான தட்டின் மேல் எந்த நிரல் வந்து குந்துகிறதோ அதுதான் விழும். நீலத் திரையே இல்லாமல், ஒரு கண்ணிமைப்பில் அணைந்து மறுபடி தொடங்கினால் மின்சாரம், பவர் சப்ளை, வெப்பம் ஆகிய மூன்றும் முன்னுக்கு வரும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் "கேர்னல் பவர் 41" என்ற வரியைக் கண்டதும் பவர் சப்ளை பழுதென்று முடிவுகட்டுகிறவர்கள் பலர். அந்த வரி சொல்வது, கணினி ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே. யாரோ பிளக்கை இழுத்தாலும் அதே வரிதான் பதிவாகும். அதே பதிவேட்டில் வன்பொருள் பிழைகளைத் தனியாக எழுதும் டபிள்யூஎச்இஏ என்ற பகுதி இருக்கிறது. சிபியுவோ மதர்போர்டோ முறையிட்டிருந்தால் பெரும்பாலும் அங்கே தெரியும். ஃபோமற் பண்ணியதும் இந்தப் பதிவுகள் எல்லாம் போய்விடுகின்றன.

குடாநாட்டில் இந்தப் பதிவை மின்சாரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். போர்க்காலத்தில் தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டு, ஜெனரேற்றரை நம்பி வாழ்ந்த நிலம் இது. கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு உயர் அழுத்த மின்கம்பி வந்தது 2013இல்தான். இனி மின்சாரத்தைக் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மின்வலையோடு இணைந்ததால் முழுத் தீவின் கோளாறுகளிலும் நமக்குப் பங்கு கிடைத்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறு முற்பகலில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதாகச் சொல்லப்பட்ட கோளாறு, நாட்டையே இருளாக்கியது. இப்படிப்பட்ட பெரிய வெட்டுகள் எல்லாருக்கும் தெரிந்தவை. கணினியை நிறுத்திவிட்டுக் காரணம் சொல்லாமல் போவது, ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஒரு கணம் வந்துபோகும் சிறிய தொய்வு. மின்குமிழ் இலேசாகச் சிமிட்டும், மின்விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும். கணினி மட்டும் அணைந்திருக்கும்.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. இப்போதைய பவர் சப்ளைகள் பலவற்றில் 100 முதல் 240 வோல்ற் வரை ஏற்கும் என்று அச்சிட்டிருக்கிறது; நம் நாட்டில் விதிக்கப்பட்ட அளவு 230 வோல்ற், அதிலிருந்து 6 வீதம் கூடலாம் குறையலாம்; மாலையில் 195க்கு இறங்கினாலும் கணினிக்கு என்ன? நிலையாக 195இல் நின்றால் ஒன்றுமில்லை என்பது உண்மைதான். சிக்கல் அதற்கு மேல் வரும் கணநேர வெட்டில் இருக்கிறது. நமது மின்சாரம் ஒரு சுழற்சியை முடிக்க 20 மில்லி செக்கன் எடுக்கும். சுவரிலிருந்து ஒன்றும் வராத நேரத்தில் ஒரு நல்ல பவர் சப்ளை தன்னுள் இருக்கும் பெரிய கப்பாசிற்றரில் தேக்கிய சக்தியால் 17 மில்லி செக்கன் அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். மலிவான பவர் சப்ளைகளில் அந்தக் கப்பாசிற்றரே சிறிது. அதோடு தேங்கும் சக்தி வோல்ற்றேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னழுத்தத்தைச் சீராக்கும் சுற்று இல்லாத பழைய வகைகளில் 230 வோல்ற் 195 ஆகும்போது, கையிருப்புச் சக்தி ஏறத்தாழ 28 வீதம் குறைந்துவிடும். அந்த நேரம் பார்த்து அயல்வீட்டுக் கிணற்று மோட்டர் தொடங்கினால், பகலில் தாங்கிய அதே தொய்வை மாலையில் தாங்க முடியாமல் போகும். கணினி கடையில் மூன்று நாள் நிற்காமல் ஓடிவிட்டு, வீட்டுக்கு வந்த அன்று மாலையே நிற்பதன் இரகசியம் பல தடவைகளில் இதுதான். "எங்களிட்ட நல்லாத்தான் ஓடினது" என்று கடைக்காரர் சொல்வது சாக்குப்போக்கு அல்ல, ஒரு தடயம். அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

யுபிஎஸ் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்பவர்கள் அதன் பற்றரி எந்த வருடத்தது என்று பார்க்க வேண்டும். சிறிய யுபிஎஸ்களில் இருப்பது ஈய அமிலப் பற்றரி. 25 பாகை வெப்பத்தில் சில வருடங்கள் உழைக்கும் அந்தப் பற்றரி, வெப்பம் அதற்கு மேல் 10 பாகை அளவு கூடினால் பாதி ஆயுள்தான் உழைக்கும் என்பது பொறியியலாளர்களின் பொதுக் கணக்கு. கூரை ஓட்டின் கீழ் மேசைக்கடியில் அடைபட்டிருக்கும் யுபிஎஸ் நம் சித்திரை வெயிலில் என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. பற்றரி செத்த யுபிஎஸ், யுபிஎஸ் இல்லாததைவிட மோசம். மின்சாரம் சற்றே தொய்ந்ததும் அது பற்றரிக்கு மாறும். பற்றரியில் ஒன்றும் இல்லாததால் கணினியைக் கைவிடும். நேரே சுவரில் பொருத்தியிருந்தால் பவர் சப்ளை சமாளித்திருக்கக்கூடிய ஒரு தொய்வு, யுபிஎஸ்ஸின் வழியாக வந்ததால் முழு வெட்டாகிவிடுகிறது. சோதிப்பது எளிது. முக்கியமான வேலை எதுவும் திறந்திராத ஒரு நேரத்தில் யுபிஎஸ்ஸின் சுவர் ஆளியை அணைத்துப் பார்த்தால் போதும். கணினியும் கூடவே அணைந்தால் இத்தனை நாளும் தேடிய குற்றவாளி அகப்பட்டிருக்கலாம்.

எர்த் கம்பியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கேசைத் தொட்டால் விரலில் சுள்ளென்று ஏறுகிறதென்றால் அந்தக் கணினிக்கு எர்த் இல்லை. பவர் சப்ளையின் உள்ளே இரைச்சலை வடிக்க வைத்திருக்கும் சிறு கப்பாசிற்றர்கள் எர்த்துக்கு வழியில்லாதபோது கேசையே சுவர் மின்னழுத்தத்தின் ஏறத்தாழப் பாதிக்கு உயர்த்திவிடும். குடாநாட்டின் அடி சுண்ணாம்புக் கல். பல இடங்களில் மேல்மண் ஆழமில்லை. அடித்த எர்த் கம்பியைச் சுற்றிய மண் கோடையில் காய்ந்தால் அதன் தடை ஏறும். மூன்று துளைப் பொயிண்டின் மேல் துளையில் பேனையைச் செருகி இரண்டு கம்பிப் பிளக்கை மாட்டும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. எர்த் இல்லாததால் மட்டுமே கணினி நிற்கிறது என்று சொல்லமாட்டேன். யுஎஸ்பிக் கருவிகள் தொடர்பறுவதும், கையின் நிலைமின்சாரம் பட்டுத் திரை இறுகுவதும் அதனால் கூடலாம். ஆனால் கணினி நிற்பதைவிட மனித உயிர் பெரிது. இதை மட்டும் பதிவுக்குக் காத்திராமல் உடனே ஒரு மின்னியலாளரைக் கூப்பிட்டுத் திருத்த வேண்டும்.

மின்சாரத்துக்கு அடுத்து காற்று. சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் தூசு ஜன்னல் இடுக்கால் வந்து சிபியு விசிறியில் அடையும். இந்தக் குடாநாட்டில் கடலையோ கடனீரேரியையோ விட்டு வெகுதூரம் போக முடியாது. உப்பு கலந்த ஈரமும் தூசோடு சேர்ந்து படியும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரத்தால் தொடுகைகள் கறுக்கும். றாமைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்துப் போட்டதும் கணினி உயிர்பெறுவதை எல்லாத் திருத்துநர்களும் கண்டிருப்பார்கள், அது பொய்யல்ல. ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, றப்பர் அதையும் சேர்த்தே தேய்க்கும். ஐசோப்புரோப்பைல் அற்ககோலில் நனைத்த துணி போதும். வெப்பத்தால்தான் நிற்கிறதா என்று அறிய, பாகை காட்டும் ஏதாவதொரு நிரலைத் திறந்துவைத்து வேலை செய்தால் நிற்கும் கணத்தின் எண் கண்ணில் பட்டுவிடும். வேலைப்பளு ஏறும்போது மட்டும் நிற்பது வெப்பத்துக்கும் பவர் சப்ளைக்கும் பொது. பளு ஏறியதும் உடனே அணைந்தால் பவர் சப்ளை, கால் மணிநேரம் ஓடிப் பின் அணைந்தால் வெப்பம் என்று தொடங்கலாம். பழைய போர்டுகளில் மூடி வீங்கிய கப்பாசிற்றர்களைத் தேடுவதும் நல்லது. 2000களின் முற்பகுதியில் தரமற்ற கப்பாசிற்றர்களால் உலகெங்கும் மதர்போர்டுகள் செத்தன. அதனால் 2005இல் டெல் நிறுவனம் 30 கோடி டொலரைச் செலவாக ஒதுக்கவேண்டி வந்தது.

ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போது இறுகும் கணினிகள்தான் திருத்துநர்களை அதிகம் குழப்புகின்றன. வெப்பமும் இல்லை, பளுவும் இல்லை. மென்பொருள்தான் காரணமாக இருக்கவேண்டும் என்று முடிவுகட்டுவார்கள். 2017இல் வந்த முதல் தலைமுறை ரைசன் சிபியுக்களில் இதற்கு நேர்மாறான காரணம் தெரியவந்தது. சிபியு ஆழ்ந்த ஓய்வுக்குப் போகும்போது அது இழுக்கும் மின்னோட்டம் மிகவும் குறைந்துவிடும். அவ்வளவு குறைந்த மின்னோட்டத்தில் சில பவர் சப்ளைகளால் அழுத்தத்தை நிலையாக வைத்திருக்க முடியவில்லை. ஓய்விலும் வழமையான மின்னோட்டத்தையே வைத்திரு என்று சொல்லும் ஒரு தெரிவு பயோஸில் சேர்க்கப்பட்டது. அந்தத் தெரிவை மாற்றியதோடு பலருக்கு இறுகல் நின்றது. பழைய பவர் சப்ளையோடு கைமாறி வந்த சிபியுவைப் பூட்டுகிறவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நினைவகத்தில் இன்னொரு பொறி இருக்கிறது, அது நாமே பயோஸில் வைத்துக்கொள்வது. பெட்டியில் 3200 அல்லது 6000 என்று அச்சிட்ட வேகம், எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற தெரிவைப் போட்டால்தான் பெரும்பாலும் கிடைக்கும். அது ஒருவகை மிகைவேகம். அந்தத் தட்டு, அந்த மதர்போர்ட், அந்த சிபியு மூன்றும் சேர்ந்து அதைத் தாங்குமென்று ஒருவரும் உத்தரவாதம் தரவில்லை. இரண்டு தட்டோடு தாங்கியது, பிறகு வேறு கடையில் வாங்கிய இன்னும் இரண்டைச் சேர்த்ததும் தாங்காமல் போகலாம். ஆகவே எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் செய்யவேண்டியது, அந்தத் தெரிவை நீக்கிவிட்டு அடிப்படை வேகத்தில் சில நாள் ஓட்டிப் பார்ப்பது. காசு செலவில்லை. பிறகு ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட்86 ஓடவிட வேண்டும். ஒரேயொரு பிழை வந்தாலும் அது பிழைதான், "ஒண்டுதானே" என்று விடக்கூடாது. பிழை வந்தால் ஒவ்வொரு தட்டாக, ஒவ்வொரு துவாரத்தில் போட்டுச் சோதிக்க வேண்டும். தட்டா துவாரமா என்று அப்போதுதான் பிரிக்கலாம்.

பதிவு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அண்மைக் காலத்தின் பெரிய சாட்சி இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் சிபியுக்கள். இவற்றைப் பூட்டியவர்களின் விளையாட்டுகள் தொடங்கும்போதே விழுந்தன. திரையில் வந்த செய்தி, காட்சி நினைவகம் போதவில்லை என்பது. அந்தச் செய்தியைப் படித்தவர்கள் கிராபிக்ஸ் கார்டைக் குற்றம் சொன்னார்கள். டிரைவரை மாற்றினார்கள், கார்டையே மாற்றினார்கள், விண்டோஸைப் புதிதாகப் போட்டார்கள். கார்டில் ஒரு குற்றமும் இல்லை. சுருக்கிய கோப்பை விரிக்கும் கணக்கில் சிபியு பிழை விட்டது, விளையாட்டு அதைத் தவறாகப் புரிந்துகொண்டது. விளையாட்டு நிறுவனங்களிடம் குவிந்த விழுகைப் பதிவுகளில் ஒரே வகைச் சிபியு திரும்பத் திரும்ப வந்தபோதுதான் சந்தேகம் சரியான இடத்தில் விழுந்தது. சிபியுவின் உள்நிரல் தேவைக்கு மேல் வோல்ற்றேஜைக் கேட்டுக்கொண்டிருந்தது என்று 2024 ஜூலையில் இன்டெல் ஒத்துக்கொண்டது. ஒகஸ்ட் முதல் திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டியது. திருத்தம் பயோஸ் புதுப்பிப்பாகத்தான் வரும். ஏற்கெனவே தேய்ந்த சிபியுவை அது குணப்படுத்தாது. அந்தத் தலைமுறைச் சிபியுவைக் கைமாறி வாங்குகிறவர்கள் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி, பயோஸ் எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதுதான்.

ஃபோமற் பண்ணியதும் சரிவந்த கணினிகளும் இருக்கின்றனவே என்பது வலுவான மறுப்பு. இருக்கின்றன. முரண்படும் டிரைவர், வைரஸ், பாதியில் முறிந்த புதுப்பிப்பு ஆகியவற்றுக்கு அது மருந்துதான். ஆனால் அதன் பெயரில் கிடைக்கும் புகழ் முழுவதும் அதற்குரியதல்ல. ஃபோமற் பண்ணும்போது கேஸ் திறக்கப்படுகிறது, தூசு ஊதப்படுகிறது, றாம் கழற்றிப் பூட்டப்படுகிறது, சில இடங்களில் பயோஸ் தொடக்க நிலைக்கு மாற்றப்படுவதால் எக்ஸ்எம்பியும் நீங்கிவிடுகிறது. நாலு வேலை ஒரே நேரத்தில் நடந்துவிட்டு, பேர் மட்டும் ஃபோமற்றுக்குப் போகிறது. மென்பொருள் சந்தேகம் வலுவாக இருந்தால்கூட, ஒரு யுஎஸ்பியிலிருந்து லினக்ஸைத் தொடக்கி ஓட்டிப் பார்ப்பது நல்லது. அதிலும் நின்றால் விண்டோஸ் நிரபராதி. ஃபோமற்றும் தேவையில்லை, படங்களும் பாடக் குறிப்புகளும் பிழைக்கும்.

இவ்வளவுக்கும் திருத்துநருக்கு நேரமேது என்று கேட்பதும் நியாயம்தான். ஃபோமற்றுக்கு ஒரு விலை இருக்கிறது, ஆராய்ந்து சொல்வதற்கு விலை இல்லை. மூன்று நாள் கணினியைப் பார்த்துவிட்டு "பவர் சப்ளை நல்லது, யுபிஎஸ் பற்றரியை மாத்துங்கோ" என்று சொல்கிற திருத்துநருக்கு வாடிக்கையாளர் ஒன்றும் கொடுப்பதில்லை. இதில் பிழை கடைக்காரரிடம் இல்லை. கண்டுபிடித்துச் சொன்னதற்குக் கூலி கொடுக்க நாம் பழகவேண்டும். பதிவை எழுதும் வேலையை வாடிக்கையாளரே செய்யலாம்; திகதி, நேரம், நின்ற விதம், ஓடிய நிரல், யுபிஎஸ் காட்டிய வோல்ற்றேஜ் ஆகிய ஐந்தும் ஒரு அப்பியாசக் கொப்பியில் இருந்தால் திருத்துநரின் மூன்று நாள் அரை நாளாகும். பேசாமல் கம்பனிக் கணினியே வாங்கலாமே என்பாரும் உண்டு. முன்சொன்ன மைக்ரோசொஃப்ட் ஆய்விலும் பெயர்பெற்ற நிறுவனங்களின் கணினிகளைவிடப் பாகம் சேர்த்துப் பூட்டியவை அதிகம் பழுதானதாகத்தான் தெரியவந்தது. ஆனால் 2022இல் டொலரின் விலை சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360ஐ எட்டியபோது, செத்த ஒரு பாகத்தை மட்டும் மாற்றி மிச்சத்தை ஓட்ட முடிந்தது பூட்டிய கணினியில்தான். எந்தப் பாகம் செத்தது என்று சரியாகத் தெரிந்தால்தான் அந்த நன்மை கைக்கு வரும்.

மாற்றுவதை ஒவ்வொன்றாக மாற்றவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு நாள் காத்திருக்கவேண்டும் என்பதுதான் தெரிவதில்லை. இரண்டு நாள் நிற்கவில்லை என்றதும் வெற்றி என்று அறிவித்துவிடுகிறோம். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சராசரியாக 3 நாளுக்கு ஒருமுறை ஒழுங்கின்றி நிற்கும் கணினி, ஒன்றுமே மாற்றாமல் விட்டாலும் அதிர்ஷ்டத்தால் மட்டும் 3 நாள் நிற்காமல் ஓடுவதற்கு வாய்ப்பு 37 வீதம். 6 நாள் ஓட 14 வீதம். 9 நாள் ஓட 5 வீதம். நிற்கும் இடைவெளியைப் போல மூன்று மடங்கு காலம் காத்திருந்தால் தவறான முடிவுக்கு வரும் வாய்ப்பு 20க்கு ஒன்றாகக் குறையும் என்பது இதன் பொருள். இந்த இடைவெளி எவ்வளவு என்பது முதல் நாளிலிருந்து எழுதியவருக்கே தெரியும். 9 நாள் தாண்டிய பிறகு, கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பவும் பூட்டிப் பார்க்க வேண்டும். கணினி மறுபடி நின்றால், அந்தப் பாகத்தைக் குப்பையில் போடலாம்.